உப்புக்காற்றில் பைண்டர்: திருநம்பித் தம்பிகளுக்கு

பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டு ஆணாக வாழும் தம்பிகளே, மார்பை இறுக்க கிரேப் பேண்டேஜ் சுற்றாதீர்கள். அது மேலும் மேலும் இறுகும், விலா எலும்பு தாங்காது. உடலை அளவெடுத்து வாங்கிய பைண்டர்தான் (மார்பைத் தட்டையாகக் காட்டும் இறுக்கமான உள்ளாடை) சரி. அதுவும் நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். தூங்கும்போது கூடவே கூடாது. பாம்பன், மண்டபம் பக்கத்துப் புழுக்கத்தில் அதற்கு முன்பே வேர்க்குரு கிளம்பிவிடும். உள்ளே மெல்லிய பருத்தி பனியன் போடுங்கள், கழற்றியதும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள். கரைவலை இழுக்கப் போகிறீர்களா? அன்றைக்குத் தொளதொள சட்டையே போதும், மூச்சு வாங்கும் வேலை அது.

அப்புறம், டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசியை யாரோ சொன்னார்கள் என்று கடையில் வாங்கிப் போடாதீர்கள். ரத்தப் பரிசோதனை பார்த்து மருத்துவர்தான் அளவு சொல்ல வேண்டும். அந்த ஊசியால் உடைந்த குரல், அதை நிறுத்தினாலும் பழையபடி ஆகாது. ஊசியால் மாதவிலக்கு நின்றாலும் கருத்தரிக்க வாய்ப்புண்டு.