பழைய ரேஸ் பைக்கில் புதுப் பைக் பழக்கம் வேண்டாம்

நவீன பைக்கில் டிராக் ஓட்டிப் பழகியவர்கள் விண்டேஜ் ரேஸுக்கு வரும்போது, கையும் காலும் யோசிக்காமல் செய்யும் காரியங்களில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். 1950களின் பிரிட்டிஷ் ரேஸ் பைக்கான மேங்ஸ் நார்ட்டனிலும் 1970களின் யமஹா ஆர்டி 350-யிலும் ஏபிஎஸ் கிடையாது, சட்டென்று கியரைக் குறைத்தாலும் பின்சக்கரம் பூட்டாமல் காக்கும் ஸ்லிப்பர் கிளட்ச் கிடையாது. தவறு செய்தால் அதைத் திருத்த நீங்கள் மட்டும்தான்.

முதலில் கால். பழைய பிரிட்டிஷ் பைக்குகளில் கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில். பழைய புல்லட் ஓட்டியவர்களுக்கு இது தெரியும். நார்ட்டனில் முதல் கியர் மேலே, மற்றதெல்லாம் கீழே. பதற்றத்தில் பிரேக் என்று நினைத்து வலது காலை அழுத்தினால் மேல் கியர் விழும். எஞ்சின் தந்துகொண்டிருந்த கொஞ்சநஞ்ச பிரேக்கும் குறைந்துவிடும். பயிற்சிச் சுற்றில் பழகிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். அதற்கு முன்பே காலி மைதானத்தில், மெதுவான வேகத்தில், திடீர் திடீரென்று நிறுத்திப் பாருங்கள்.

அடுத்தது டிரம் பிரேக். முதல் சுற்றில் அருமையாகப் பிடிக்கும். சூடேறியதும் டிரம் விரிந்து, உள்ளிருந்து அதை அழுத்தும் ஷூவிடமிருந்து விலகும், ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங்கின் பிடியும் குறையும். லீவர் கைப்பிடியை நோக்கி வந்துகொண்டே இருக்கும். டிஸ்க் பைக்கில் செய்வதுபோல் கடைசி நொடிவரை பொறுத்திருந்து இழுத்தால், ரேஸின் பாதியில் பிரேக்கே இருக்காது. முன்கூட்டியே தொட்டு, சீராக அழுத்தத்தைக் கூட்டுங்கள். ஓட்டும்போதே கேபிளை இறுக்குபவர்கள் பிட்டுக்கு வந்ததும் தளர்த்த மறந்துவிடுகிறார்கள். டிரம் ஆறிச் சுருங்கியதும் ஷூ உரசிக்கொண்டு நிற்கும். அடுத்த ரேஸுக்கு முன் முன்சக்கரத்தைத் தூக்கி, கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆர்டி 350-க்கு வெளிநாட்டில் முன் டிஸ்க் இருந்தது. அதையே நம் ஊரில் செய்த ராஜ்தூத் 350-க்கு டிரம்தான் வந்தது. அதை வேகமாக ஓட்டியவர் யாராவது பக்கத்தில் இருந்தால் உட்கார வைத்துக் கேளுங்கள். சொல்ல நிறைய இருக்கும்.

டூ ஸ்ட்ரோக்கில் செய்யும் தவறுக்குத்தான் விலை அதிகம். பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஓட்டும் ரேஸ் எஞ்சினில் பிஸ்டனுக்கு எண்ணெய் போகும் வழி ஆக்சிலேட்டர்தான். நீண்ட நேர்ச்சாலையின் முடிவில் அதைச் சட்டென்று முழுதாக மூடினால், எஞ்சின் உச்ச வேகத்தில் சுற்றிக்கொண்டே எண்ணெய்க்கு ஏங்கும். பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். இடது கையின் இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் மேலேயே இருக்கட்டும். எஞ்சின் சத்தம் லேசாக இறங்கினாலே இழுத்துவிடுங்கள்.

ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பார்த்து பெட்ரோல் அளவு சரியா என்று கணிப்பதிலும் பலர் ஏமாறுகிறார்கள். மெதுவாக உருட்டிக்கொண்டு பிட்டுக்கு வந்து கழற்றினால், அந்த மெதுவான ஓட்டத்தின் நிறம்தான் தெரியும். முழு வேகத்தில் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட் சரியா என்று பார்க்க, முழு ஆக்சிலேட்டரில் போகும்போதே கிளட்சை இழுத்து, அதே நேரத்தில் எஞ்சினை அணைத்து, பைக்கை ஓட்டத்திலேயே ஓரம் கொண்டுவந்து கழற்ற வேண்டும். பாதை காலியாக இருக்கும்போது, பின்னால் யாரும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் இதைச் செய்யலாம். குளிர்ந்த காலைக் காற்று அடர்த்தியானது. மதிய வெயிலில் சரியாக இருந்த ஜெட் அதற்குப் போதாமல் போகலாம்.

முழங்காலைத் தரையில் உரச வேண்டும் என்ற ஆசையையும் விட்டுவிடுங்கள். முழங்கால் உரச ஓட்டிய அமெரிக்க ரேஸர் கென்னி ராபர்ட்ஸ் 1978-இல் உலக சாம்பியன் ஆனபோது அவரிடம் அகலமான, வரிப்பள்ளம் இல்லாத ஸ்லிக் டயர்கள் இருந்தன. குறுகிய 18, 19 அங்குல டயரில் டேங்கை முழங்காலால் அணைத்து, உடலை ஒடுக்கி உட்கார்ந்தால் பைக் அமைதியாக வளையும்.

கடைசியாக, அனுபவசாலிகளுக்கு. "என் பின்னாலேயே வா" என்று புதியவரை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். உங்கள் ஒற்றை சிலிண்டர் 500 சிசி பைக் வளைவில் நன்றாகக் குறைத்து, வெளியே வரும்போது இழுக்கும். அவருடைய 250 சிசி வேகத்தை விடாமல் வளைய வேண்டிய பைக். பாதையே வேறு. "இந்த வளைவு மூணாவது கியர்" என்பதும் உதவாது, செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் மாறினால் கணக்கே மாறிவிடும். எந்தக் கம்பத்துக்கு நேரே பிரேக்கைத் தொடுகிறீர்கள், மழை பெய்தால் அதை எவ்வளவு முன்னால் நகர்த்துகிறீர்கள், எந்த இடத்தில் தார் ஒட்டுப்போட்டு வழுக்குகிறது என்று சொல்லுங்கள். முடிந்தால் பைக்கை நிறுத்திவிட்டு, மாலையில் அவரோடு ஒரு சுற்று நடந்தே காட்டுங்கள்.