இத்தாலிய நிபந்தனை வினை: எங்கே பிரிக்க, எங்கே அழுத்த

பாளையங்கோட்டைப் பக்கமிருந்து ரோமுக்குப் படிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது ‘பேசுவேன்தான், ஆனால்…’ என்கிற நிபந்தனை வடிவத்தில்.

விகுதிக்கு முன்னால் வரும் ரகரத்தைப் பிடியுங்கள். அதையடுத்த எகரத்தில்தான் அழுத்தம், நான், நீ, அவன்/அவள், நாம், நீங்கள், அவர்கள் என்ற ஆறு வடிவத்திலும். ‘பார்லாரெ’ (பேசு) இப்படி வரும்: பார்-லெ-ரெய், பார்-லெ-ரெ-ஸ்தி, பார்-லெ-ரெப்-பெ, பார்-லெ-ரெம்-மொ, பார்-லெ-ரெ-ஸ்தெ, பார்-லெ-ரெப்-பெ-ரொ. கடைசி வடிவத்தில் அழுத்தம் ஈற்றிலிருந்து மூன்றாம் அசை. ‘ரொ’வை இழுத்தால் கெட்டது. ‘ரெய்’ ஒரே அசை, ‘ரே-யி’ ஆக்காதீர்கள். ஸகரம் அடுத்த தகரத்தோடு சேரும்; நம் பழக்கத்தில் ‘ரெஸ்-தி’ என்று வெட்டத் தோன்றும், எழுத்தில் அது பிழை. ‘ஆ-வ்ரெய்’யும் (என்னிடம் இருக்கும்தான், ஆனால்…) அப்படியே: வகரம் அடுத்த ரகரத்தோடு சேரும்.

மகரம்தான் ஆபத்து. ‘பார்லெரெம்மொ’ என்றால் ‘பேசுவோம்தான், ஆனால்…’ என்ற தொனி. ஒற்றை மகரத்தோடு ‘பார்லெரேமொ’ என்றால் வெறும் எதிர்காலம், பேசுவோம். பனியும் பன்னியும் பிரித்துச் சொல்லும் நெல்லை நாக்குக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை.

‘ரெப்பெ’யில் வரும் பகரம் ‘அப்பா’வின் பகரமல்ல, ‘கம்பு’வில் வருவது. உதட்டை மூடி ஒரு கணம் நிறுத்தி, குரல் அறாமல் திறக்கவும்.