ஒரே ஏ4 தாளில் எட்டுப் பக்க ரோபோ காமிக்ஸ்

சொர்க்கம் போல ஒரு நகரம், அதன் அடியில் அடிமை ரோபோக்கள். இந்தக் கதையைப் புதிதாக வரைபவர்கள் பலர் இரண்டாம் பக்கத்திலேயே யாராவது ஒருவர் வாயால் உண்மையைப் போட்டு உடைத்துவிடுகிறார்கள். அதைத் தாளின் பின்புறத்தில் மறைத்துவிடலாம்.

முதலில் ஊர். புதுச்சேரிக் கடற்கரையை எடுத்துக்கொள்வோம். 1980-களின் இறுதியில் தெற்கே கட்டிய துறைமுகத் தடுப்புச் சுவர், வடக்கே நகரும் மணலை மறித்தது. கரை கரைந்து பாறாங்கல் கொட்ட வேண்டியதாயிற்று. நம் கதையில் அதே கடற்கரைச் சாலைக்கு முன்னால் அகன்ற வெண்மணல், எந்நாளும் குறையாமல். தினமும் இரவில் அந்த மணலைத் திரும்பக் கொட்டுவது யார்?

ஏ4 தாளைப் படுக்கைவாட்டில் வைத்து நீளவாக்கில் ஒரு மடிப்பு, குறுக்கே சம அளவில் மூன்று மடிப்பு. எட்டுக் கட்டங்கள் கிடைக்கும்; ஒவ்வொன்றும் சுமார் 74 × 105 மி.மீ. மேல் வரிசையில் இடமிருந்து 5, 4, 3, 2 என்று தலைகீழாகவும், கீழ் வரிசையில் 6, 7, 8, 1 என்று நேராகவும் எண் போடுங்கள். 1 முன்னட்டை, 8 பின்னட்டை. நீளவாக்கு மடிப்பில், நடுவில் உள்ள இரண்டு கட்டங்களின் அகலத்துக்கு மட்டும் வெட்டுங்கள். பிறகு நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் உள்ளே தள்ளினால் வெட்டு விரிந்து புத்தகமாகும். ஓரம் வரை வெட்டினால் தாள் இரண்டாகிவிடும்.

பக்கத்துக்கு இரண்டு சித்திரக் கட்டங்கள் போதும். வசனத்தை முதலில் எழுதி, அதைச் சுற்றிக் குமிழ் வரையுங்கள். குமிழை முதலில் வரைந்தால் தமிழ்ச் சொற்கள் உள்ளே அடங்காது. எழுத்து 3 மி.மீ. உயரத்துக்குக் குறையக் கூடாது.

வசனத்தில்தான் அடிமைத்தனம் தெரிய வேண்டும். ஊர்க்காரர்கள் ரோபோவை "ஏய், இங்க வா" என்பார்கள். அது "சொல்லுங்கய்யா" என்று மட்டுமே பேசும். ஏழாம் பக்கத்தில் அது முதன்முறையாக "நீ ஏன் கீழ வந்து பாக்கல?" என்று கேட்கட்டும். கண்ணீர் வேண்டாம். உப்பு தின்ற முழங்கை மூட்டு, அதைச் சுற்றிக் கட்டிய நைலான் வலைக்கயிறு, இந்த இரண்டும் அழுவதைவிட அதிகம் சொல்லும்.

குறிப்புகளைச் சிறிதாக விதையுங்கள்: காலையில் ஒரு காலடித் தடமும் இல்லாத மணல் (பக்கம் 2), மாலையில் தொலைத்த கொலுசு மறுநாள் அதே இடத்தில் (பக்கம் 4).

இனி பின்புறம். முழுத் தாளும் ஒரே படம். வெட்டு இருக்கும் கோட்டில் மணல்மட்டத்தை வையுங்கள்: மேலே ஊர், கீழே தோளில் கூடை சுமந்த ரோபோ வரிசை. புத்தகத்தைப் பிரிக்கும்போதுதான் வாசகர் இதைப் பார்ப்பார்.

பென்சில் நிழல் ஜெராக்ஸில் திட்டுத்திட்டாக விழும். நெருக்கமான பேனாக் கோடுகளால் நிழல் போடுங்கள். தாள் 100 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 100 கிராம் எடை) வாங்குங்கள், மெல்லிய தாளில் பின்புறக் கருமை முன்பக்கத்தில் தெரிந்து கதையைக் காட்டிக்கொடுத்துவிடும். ஓரத்தில் 5 மி.மீ. விடாவிட்டால் படம் வெட்டுப்படும். மடிப்பின் மேல் அடர்கருப்பு வைத்தால் மை உதிர்ந்து வெள்ளைக் கோடு விழும். இருபுறமும் 3 மி.மீ. தள்ளியே நிறுத்துங்கள். முதலில் ஒரே ஒரு நகல் எடுத்து மடித்துப் பார்த்துவிட்டு மீதிக்குச் சொல்லுங்கள்.