ரிமோட் டெஸ்க்டாப்பில் பில் பிரிண்டர் அடிக்கவில்லையா? டிரைவரை விடுங்கள், காம் போர்ட்டைப் பாருங்கள்

பில்லிங் சாஃப்ட்வேர் எங்கோ ஒரு சர்வரில் ஓடுகிறது, கவுன்டரிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அதைத் திறக்கிறோம், கவுன்டரில் இருப்பது ஒரு தின் கிளையன்ட்டோ (சர்வரோடு இணைவதற்கு மட்டுமான சிறு கணினி) பழைய பிசியோ, அதில் யுஎஸ்பி கேபிளில் ஒரு தெர்மல் பிரிண்டர். கிளைகள் வைத்திருக்கும் மருந்துக்கடை, ஜவுளிக்கடை, சூப்பர் மார்க்கெட் எல்லாவற்றிலும் இப்போது இந்த ஏற்பாடு சகஜம். நேற்று ராத்திரி வரை ஒழுங்காக பில் கொடுத்த பிரிண்டர் காலையில் கடை திறந்ததும் "காம் 3 கிடைக்கவில்லை", "போர்ட் உபயோகத்தில் இருக்கிறது" என்று சொல்லி நின்றுவிடும் (காம் என்பது சீரியல் கருவிகளுக்கு விண்டோஸ் எண் போட்டுக் கொடுக்கும் போர்ட்), இல்லையென்றால் ஒன்றுமே சொல்லாமல் சும்மா இருக்கும். வாடிக்கையாளர்கள் வரிசையில் நிற்கும்போது பதற்றத்தில் எல்லோரும் செய்வது டிரைவரைக் கழற்றி மறுபடி போடுவது, கேபிளைப் பிடுங்கி வேறு துளையில் செருகுவது. தயவுசெய்து அதில் ஆரம்பிக்காதீர்கள். துளை மாறினால் காம் எண்ணும் மாறலாம், அப்போது இருந்த ஒரு சிக்கல் இரண்டாகிவிடும்.

அந்தப் பிரிண்டர் செஷனுக்குள் (சர்வரில் உங்களுக்காகத் திறக்கும் ரிமோட் டெஸ்க்டாப்புக்குள்) எந்த வழியாகப் போகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். பிறகு அந்த ஒரு வழியை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை அடைத்துவிடுங்கள். நான் பார்த்த வரையில் இந்த மாதிரி தகராறுகளில் பெரும்பாலானவை, ஒரே பிரிண்டருக்கு இரண்டு மூன்று வழிகள் ஒரே நேரத்தில் திறந்து கிடப்பதால் வருபவைதான்.

கவுன்டர் பிசியில் தொடங்குங்கள்

ரிமோட் செஷனை மூடிவிட்டு, கவுன்டர் பிசியிலேயே டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். பிரிண்டர் எந்தத் தலைப்பின் கீழ் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. "யுஎஸ்பி பிரிண்டிங் சப்போர்ட்" என்று வந்தால் அது உண்மையான யுஎஸ்பி பிரிண்டர், அதற்கு விண்டோஸ் யுஎஸ்பி001, யுஎஸ்பி002 என்று ஒரு போர்ட்டைக் கொடுக்கும், காம் எண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. "போர்ட்ஸ்" என்ற தலைப்பின் கீழ் காம் எண்ணோடு வந்தால், உள்ளே எஃப்டிடிஐ, புரொலிஃபிக், சிஎச்340 போன்ற ஒரு சீரியல் சிப் இருக்கிறது, அல்லது பிரிண்டரே தன்னை சீரியல் கருவி என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறது. கேபிள் யுஎஸ்பிதான், ஆனால் விண்டோஸ் கண்ணுக்கு அது சீரியல் போர்ட். மூன்றாவதாக ஒரு ரகமும் உண்டு. எப்சன் டிஎம் வரிசை போன்றவற்றுக்கு அந்த நிறுவனமே கொடுக்கும் விர்ச்சுவல் போர்ட் டிரைவர், சாதாரண யுஎஸ்பி பிரிண்டருக்கு மேல் ஒரு காம் பெயரை ஒட்டிவிடும்.

இதில் என் கருத்து ஒன்று: உங்கள் பில்லிங் சாஃப்ட்வேர் காம் போர்ட்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கவில்லை என்றால், பிரிண்டரை பிரிண்டர் கிளாஸுக்கே மாற்றிவிடுங்கள். பல மாடல்களில் அடியில் உள்ள டிப் ஸ்விட்ச் அல்லது கம்பெனி யுடிலிட்டி மூலம் மாற்ற முடியும். அதோடு காம் தலைவலி முழுதாக ஒழிந்தது. ஃபாக்ஸ்புரோ, கிளிப்பர் காலத்து சாஃப்ட்வேர்கள் இன்னும் நிறைய கடைகளில் ஓடுகின்றன, அவை நேரே காம் 1-க்கு எழுதும், அவற்றை வைத்திருப்பவர்களுக்குத்தான் மீதி எல்லாம்.

சரி, காம் தான் என்று ஆகிவிட்டால் பிரிண்டரின் செல்ஃப் டெஸ்ட்டை எடுங்கள். ஃபீட் பட்டனை அழுத்திக்கொண்டே பவரை ஆன் செய்தால் பெரும்பாலான தெர்மல் பிரிண்டர்கள் தங்கள் பாட் ரேட் (தரவு போகும் வேகம்), பாரிட்டி (பிழை சரிபார்ப்பு), ஹேண்ட்ஷேக் ("பொறு, அனுப்பு" என்று இரு பக்கமும் சொல்லிக்கொள்ளும் முறை) எல்லாவற்றையும் தாளில் அடித்துக் கொடுத்துவிடும். அந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள், பின்னால் தேவைப்படும். புட்டி போன்ற ஒரு டெர்மினல் புரோகிராமை வைத்து அந்த காம் போர்ட்டைத் திறந்து நாலு எழுத்து அனுப்பிப் பாருங்கள். இங்கேயே அடிக்கவில்லை என்றால் ரிமோட் டெஸ்க்டாப்பின் மேல் பழி போட ஒன்றுமில்லை. அடித்தால், புட்டியை மூடிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போங்கள். மூடுவது முக்கியம், ஏனென்றால் விண்டோஸில் ஒரு சீரியல் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் திறக்க முடியும், இரண்டாவதாக வருபவருக்கு "ஆக்சஸ் டினைட்" தான்.

மூன்று வழிகள்

ரிமோட் டெஸ்க்டாப்பில் ஒரு பிரிண்டர் உள்ளே போக மூன்று வழிகள் உண்டு, கவுன்டரில் உள்ளதை இப்படி செஷனுக்குள் திருப்பி விடுவதுதான் ரீடைரக்ஷன். பிரிண்டர் ரீடைரக்ஷன்: கவுன்டரில் நிறுவிய பிரிண்டர் செஷனுக்குள் டிஎஸ்001 போன்ற ஒரு போர்ட்டோடு தோன்றும். காம் போர்ட் ரீடைரக்ஷன்: கவுன்டரின் காம் 3 செஷனுக்குள்ளும் காம் 3 ஆகவே தெரியும். யுஎஸ்பி ரீடைரக்ஷன்: கருவியையே முழுசாகத் தூக்கி சர்வர் பக்கம் கொடுத்துவிடுவது, அப்போது கவுன்டர் பிசியிலிருந்து அது மறைந்துவிடும், டிரைவரும் சர்வர் பக்கம்தான் வேண்டும்.

யாரோ ஒருவர் "எதற்கும் இருக்கட்டும்" என்று ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பின் லோக்கல் ரிசோர்சஸ் பக்கத்தில் எல்லா டிக்கையும் போட்டு வைத்திருப்பார். அப்போது நடப்பது இது: கவுன்டரில் காம் 3-ஐப் பிடித்துக்கொண்டு ஒரு பிரிண்டர் க்யூ (விண்டோஸில் நிறுவிய பிரிண்டர்) இருக்கிறது, அதன் ஸ்டேட்டஸ் மானிட்டர் போர்ட்டைத் திறந்தே வைத்திருக்கிறது, அதே காம் 3 செஷனுக்குள்ளும் போயிருக்கிறது, பில்லிங் சாஃப்ட்வேர் அங்கிருந்து திறக்கப் பார்த்தால் கதவு பூட்டியிருக்கிறது. செஷனுக்குள் இருந்துகொண்டு எவ்வளவு தேடினாலும் பூட்டியது யார் என்று தெரியாது, ஏனென்றால் பூட்டியவர் இருப்பது கவுன்டர் பிசியில்.

அதைக் கண்டுபிடிக்க கவுன்டர் பிசியில் மைக்ரோசாஃப்டின் ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரரை அட்மின் உரிமையோடு ஓட்டி, எந்த புரோகிராம் எதைத் திறந்து வைத்திருக்கிறது என்று காட்டும் ஹேண்டில் தேடலில் பாருங்கள். அங்கே "காம் 3" என்று தேடினால் பெரும்பாலும் கிடைக்காது, பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். உள்ளே அதன் பெயர் வேறு: எஃப்டிடிஐ சிப் என்றால் விசிபி0, விண்டோஸின் சொந்த டிரைவர் என்றால் யுஎஸ்பிசெர்000. சரியான பெயர் வேண்டுமென்றால் ரெஜிஸ்ட்ரியில் ஹார்டுவேர், டிவைஸ்மேப், சீரியல்காம் என்று போங்கள், எந்த காம் எண்ணுக்கு எந்த உள்பெயர் என்று அங்கே ஜோடி ஜோடியாக இருக்கும். அந்தப் பெயரைத் தேடினால் போர்ட்டைப் பிடித்திருக்கும் புரோகிராம் நேரே மாட்டும். பிரிண்டர் யுடிலிட்டியாகவோ, எடை மெஷின் சாஃப்ட்வேராகவோ, விண்டோஸின் அச்சு வேலைகளைக் கவனிக்கும் ஸ்பூலராகவோ இருக்கலாம்.

இப்போது வழியைத் தேர்ந்தெடுங்கள். காம் வழி என்று முடிவு செய்தால் கவுன்டரில் அந்த காம் போர்ட்டோடு கட்டிய பிரிண்டர் க்யூவை நீக்கிவிடுங்கள், ஸ்டேட்டஸ் மானிட்டரை ஸ்டார்ட்டப்பிலிருந்து எடுத்துவிடுங்கள், பிரிண்டர் டிக்கையும் யுஎஸ்பி டிக்கையும் அணையுங்கள். இணைப்பு அமைப்புகளைச் சேமித்த ஆர்டிபி ஃபைலை நோட்பேடில் திறந்தால் காம் போர்ட்டுக்கும் பிரிண்டருக்கும் தனித்தனி வரி இருக்கும், கடைசி எண் 1 என்றால் திறந்திருக்கிறது, 0 என்றால் மூடியிருக்கிறது. ஆனால் சர்வரின் குரூப் பாலிசி இதை மீறும்: "டிவைஸ் அண்ட் ரிசோர்ஸ் ரீடைரக்ஷன்" என்ற பிரிவில் காம் போர்ட் ரீடைரக்ஷனைத் தடை செய்திருந்தால் நீங்கள் இங்கே எத்தனை டிக் போட்டாலும் வராது.

ரீடைரக்ட் ஆன காம் போர்ட் செஷனின் டிவைஸ் மேனேஜரில் தெரியாது. இது தெரியாமல் "போர்ட்டே வரவில்லை" என்று முடிவு கட்டி நேரத்தை வீணாக்குபவர்கள் அதிகம். சர்வரில் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் "சேஞ்ச் போர்ட்" என்று அடித்துப் பாருங்கள், டிஎஸ்கிளையன்ட் என்ற சொல்லோடு உங்கள் காம் எண் ஒரு வரியில் வந்தால் வழி திறந்துவிட்டது. இன்னொன்று, காம் போர்ட் பட்டியல் இணைப்பு ஏற்படும் தருணத்தில்தான் எடுக்கப்படுகிறது. செஷன் ஓடிக்கொண்டிருக்கும்போது பிரிண்டரைச் செருகினால் அது உள்ளே வராது, துண்டித்து மறுபடி இணைய வேண்டும். நெட் போய் வந்தாலும் இதே மாதிரிதான், பில்லிங் சாஃப்ட்வேர் ஏற்கெனவே திறந்து வைத்திருந்த போர்ட் செத்துப்போயிருக்கும், சாஃப்ட்வேரை மூடித் திறந்தால்தான் பிடிக்கும். "அடிக்கடி நிற்கிறது" என்று புகார் வரும் கடைகளில் நெட் இணைப்பை ஒரு தடவை கவனியுங்கள்.

ஒரே எண்ணுக்கு இரண்டு பேர்

உண்மையான எண் மோதல் எங்கே வருகிறது என்றால், சர்வர் ஒரு விர்ச்சுவல் மெஷினாக (சாஃப்ட்வேரால் உருவாக்கிய கணினியாக) இருந்து, அதற்கே சொந்தமாக ஒரு காம் 1 இருக்கும்போது. ஹைப்பர்-வியின் ஜெனரேஷன் 1 மெஷின்களில் காம் 1, காம் 2 இரண்டும் கூடவே வரும், அதன் செட்டிங்ஸில் நீக்கவும் முடியாது. கெஸ்ட்டின் (அந்த மெஷினுக்குள் ஓடும் விண்டோஸின்) டிவைஸ் மேனேஜரில் அவற்றை டிசேபிள் செய்துவிடுங்கள். விஎம்வேரிலும் விர்ச்சுவல்பாக்ஸிலும் சீரியல் போர்ட்டை மெஷின் செட்டிங்ஸிலிருந்தே எடுத்துவிடலாம். இன்னும் சுலபமான வழி, கவுன்டரில் பிரிண்டரின் எண்ணை காம் 5, காம் 6 என்று மாற்றி பில்லிங் சாஃப்ட்வேரிலும் அதையே கொடுப்பது.

அதற்கு டிவைஸ் மேனேஜரில் அந்த போர்ட்டின் ப்ராப்பர்ட்டீஸ், போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்ட். பட்டியலைத் திறந்தால் காம் 3-லிருந்து காம் 14 வரை எல்லாமே "இன் யூஸ்" என்று நிற்கும். கருவி ஒன்றுதானே இருக்கிறது, மீதி எங்கே? எல்லாம் முன்பு எப்போதோ செருகிய கருவிகள். சீரியல் நம்பர் இல்லாத மலிவான சிப்புகளை விண்டோஸ் துளையை வைத்துத்தான் அடையாளம் காணும், துளை மாறினால் அதற்கு அது புதுக் கருவி, புது எண். ப்ளூடூத்தும் தன் பங்குக்கு இரண்டு மூன்று எண்களை எடுத்துக்கொள்ளும். எண் 9-ஐத் தாண்டினால் பழைய சாஃப்ட்வேர்களுக்கு இன்னொரு தொல்லை, காம் 10 முதல் உள்ள போர்ட்டைத் திறக்க பெயரை வேறு மாதிரி எழுத வேண்டும், அந்தச் சாஃப்ட்வேர்களுக்கு அது தெரியாது. பிரிண்டர் நன்றாக இருக்கும், போர்ட் நன்றாக இருக்கும், பில் மட்டும் வராது.

டிவைஸ் மேனேஜரின் வியூ மெனுவில் "ஷோ ஹிடன் டிவைசஸ்" கொடுங்கள். மங்கலாகத் தெரியும் பழைய போர்ட்களை ஒவ்வொன்றாக அன்இன்ஸ்டால் செய்யுங்கள். அதன் பிறகும் எண்கள் விடுபடவில்லை என்றால், ரெஜிஸ்ட்ரியில் "காம் நேம் ஆர்பிட்டர்" என்ற இடத்தில் காம்டிபி என்று ஒரு மதிப்பு இருக்கிறது, 256 காம் எண்களுக்கும் ஆளுக்கொரு பிட். அதை அழித்தால் எல்லா எண்களும் விடுபடும் என்று பலர் சொல்வார்கள், உண்மைதான், ஆனால் எடை மெஷின், ஸ்கேனர் போன்ற உயிரோடு இருக்கும் கருவிகளின் எண்ணும் விடுபட்டு அடுத்து வரும் கருவிக்குப் போய்விடக் கூடும். பேக்கப் எடுக்காமல் கை வைக்காதீர்கள், கடை நேரத்தில் வைக்கவே வைக்காதீர்கள்.

யுஎஸ்பி ரீடைரக்ஷன் வைத்திருக்கும் விடிஐ சூழலில் (ஒவ்வொருவருக்கும் சர்வரில் ஒரு விர்ச்சுவல் டெஸ்க்டாப் கொடுக்கும் ஏற்பாடு) இந்தச் சுத்தம், எல்லா டெஸ்க்டாப்புகளும் நகலெடுக்கப்படும் மாஸ்டர் இமேஜில் நடக்க வேண்டும். இமேஜ் எடுக்கும்போது அதில் பழைய காம் எண்கள் மிச்சம் இருந்தால், அதிலிருந்து பிறக்கும் ஒவ்வொரு டெஸ்க்டாப்பும் அந்த அழுக்கோடுதான் பிறக்கும், ஒவ்வொரு கவுன்டராகப் போய்த் துடைத்துக்கொண்டிருக்க முடியாது. சிட்ரிக்ஸ், ஹொரைசன் என்ற விடிஐ சாஃப்ட்வேர்கள் இரண்டிலும் காம் போர்ட்டுக்குத் தனி ரீடைரக்ஷன் வசதி இருக்கிறது. சீரியல் சிப் உள்ள பிரிண்டரை யுஎஸ்பி வழியாக அனுப்பாமல் அந்த வசதியிலேயே அனுப்புங்கள், யுஎஸ்பி ரீடைரக்ஷன் பட்டியலில் அந்தக் கருவியை விலக்கியும் விடுங்கள். நெட் கொஞ்சம் தாமதமானாலும் யுஎஸ்பி வழி திணறும், காம் வழி அவ்வளவு திணறாது.

தின் கிளையன்ட்டில் லினக்ஸ் என்றால் விஷயம் வேறு. ஃப்ரீஆர்டிபி என்ற ரிமோட் டெஸ்க்டாப் புரோகிராமில் எந்தக் கருவி எந்த காம் பெயரில் உள்ளே போக வேண்டும் என்று நீங்களே எழுதிக் கொடுக்கலாம், அதனால் எண் மோதல் குறைவு. பயனரை, சீரியல் போர்ட்டைத் திறக்க அனுமதி தரும் டயல்அவுட் குழுவில் சேர்க்க மறக்காதீர்கள். உபுன்டு 22.04-இல் சிஎச்340 சிப் செருகியவுடன் காணாமல் போகிறது என்றால், பிரெய்ல் கருவிகளுக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற புரோகிராம் அதைத் தன்னுடையது என்று பிடித்துக்கொண்டிருக்கும். அங்கே பிரெய்ல் கருவி உபயோகிப்பவர் யாரும் இல்லை என்றால் அதை நீக்கிவிடலாம்.

அடிக்கிறது, ஆனால் சரியாக இல்லை

கிறுக்கல் கிறுக்கலாக வந்தால் போர்ட் மோதல் இல்லை, பாட் ரேட் பொருந்தவில்லை. முன்பு எடுத்த செல்ஃப் டெஸ்ட் தாளைப் பார்த்து, பில்லிங் சாஃப்ட்வேரில் அதே எண்ணைக் கொடுங்கள். சிறிய பில் வந்து பெரிய பில் பாதியில் நின்றால் ஹேண்ட்ஷேக்கைப் பாருங்கள்.

பிரிண்டர் ரீடைரக்ஷன் வழியில் போகிறவர்களுக்கு வேறு இரண்டு இடங்களில் தடுக்கும். ஒன்று, செஷனுக்குள் பிரிண்டர் பெயரின் கடைசியில் "ரீடைரக்டட் 3" என்று செஷன் எண் ஒட்டிக்கொள்ளும், மறுநாள் அது 5 ஆகலாம், பெயரை நினைவில் வைத்திருக்கும் சாஃப்ட்வேர் தேடித் தேடித் தோற்கும். முடிந்தால் டீஃபால்ட் பிரிண்டருக்கு அடி என்று வைத்துவிடுங்கள். இரண்டாவது, ஈசி பிரிண்ட், அதாவது சர்வரில் பிரிண்டரின் டிரைவர் இல்லாமலே அடிக்க உதவும் பொது டிரைவர். விண்டோஸ் சர்வர் 2008-லிருந்து இருக்கிறது, ஏ4 தாளுக்கு அருமை, ஆனால் கேஷ் டிராயரைத் திறக்கும் கோடு, பேப்பர் வெட்டும் கோடு மாதிரி நேரே பிரிண்டரின் மொழியில் அனுப்புவதெல்லாம் அதில் சரியாகப் போவதில்லை. சர்வரிலும் கவுன்டரிலும் ஒரே பெயருள்ள டிரைவரைப் போட்டு, "ஈசி பிரிண்டை முதலில் பயன்படுத்து" என்ற பாலிசியை டிசேபிள் செய்யுங்கள்.

எல்லாம் சரியாகி, மதியம் கூட்டம் குறைந்த பிறகு மட்டும் பிரிண்டர் மறைந்தால், டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட்டுக்குப் போய், மின்சாரம் மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள், பவர் ஆப்ஷன்ஸில் யுஎஸ்பி செலெக்டிவ் சஸ்பெண்டையும் அணையுங்கள். அப்புறம் பிரிண்டர் எந்தத் துளையில், எந்த காம் எண்ணில், எந்த வழியில் போகிறது என்று ஒரு சீட்டில் எழுதி கவுன்டர் பிசியின் பின்பக்கம் ஒட்டிவிட்டுப் போங்கள். அடுத்த தடவை தூசி தட்டக் கேபிளைக் கழற்றுபவர் அதே துளையில் திரும்பச் செருகினாலே பாதிப் புகார்கள் வராது.