மலை வீட்டிலிருந்து வேலை: கவனம் கலையாமல் இருக்க

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு விரல் விறைக்கும், கரன்ட் போகும், நெட் அறுந்துபோகும். அந்த இடைவெளியில்தான் கை போனைத் தேடும். அதனால் குளிரையும் கரன்ட்டையும் முதலில் கவனியுங்கள், போனைப் பிறகு பார்க்கலாம்.

குளிர் காலில் ஏறும். சிமென்ட் தரையில் பாதம் படாமல் ஒரு பலகை அல்லது மடித்த சாக்கு போட்டு, கம்பளி சாக்ஸ் அணியுங்கள். வெந்நீர்ப் பையை முக்கால் பங்குதான் நிரப்ப வேண்டும். மேலே உள்ள காற்றை அழுத்தி வெளியேற்றிவிட்டு மூடி, துணி சுற்றி மடியில் வையுங்கள். 2000 வாட் ஹீட்டர் மணிக்கு 2 யூனிட் இழுக்கும். வேலைக்கு அரை மணி முன்பு போட்டு, அறை சூடானதும் அணைத்துவிடலாம். நாள் முழுக்க ஓடினால் கண் உலர்ந்து எரியும், தூக்கமும் சொக்கும்.

கரி அடுப்பை மட்டும் மூடிய அறைக்குள் கொண்டுவரவே வேண்டாம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியையும் மந்தத்தையும் வேலை அலுப்பு என்று நினைத்து அங்கேயே உட்கார்ந்திருப்பவர் மயங்கிவிடுவார், உயிரே போகும்.

கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பரில் மழை வலுக்கும். மின்கம்பியில் மரம் விழுந்தால் கரன்ட் வர மணிக்கணக்காகும். லேப்டாப் 60, ரவுட்டர் 12, எல்இடி விளக்கு 9, எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 80 வாட். நல்ல நிலையில் உள்ள 150 ஏஎச் இன்வெர்ட்டர் பேட்டரி ஒரு வேலைநாளுக்கு இதைத் தாங்கும். இன்வெர்ட்டர் லைனில் ஹீட்டரைச் செருகினால் ஓவர்லோடில் எல்லாமே நின்றுவிடும்.

நெட் போனால் ஹாட்ஸ்பாட்டுக்காகப் போன் மேசைக்கு வந்துவிடும், கூடவே வாட்ஸ்அப்பும். பழைய போன் ஒன்றில் வேறு நிறுவனத்தின் சிம் போட்டு, மற்ற ஆப்களை நீக்கி, சிக்னல் நன்றாக வரும் ஜன்னலோரம் சார்ஜருடன் வைத்துவிடுங்கள். மழைநாளுக்கு முந்தின மாலையே தேவையான கோப்புகளை இறக்கி வைத்துக்கொண்டால், நெட் இல்லாமலும் இரண்டு மணி நேர வேலை ஓடும்.

சொந்தப் போன் பக்கத்து அறையில் இருக்கட்டும். குடும்ப குரூப்பை 8 மணி நேரம் மியூட் செய்யுங்கள். வீட்டுப் பெரியவர்கள், பிள்ளைகளின் பள்ளி ஆகிய எண்கள் மட்டும் ஒலிக்கும்படி 'தொந்தரவு செய்யாதே' வசதியை அமைக்கலாம். இதைச் செய்யாமல் முழுதாக அணைத்தால், யாராவது அழைத்திருப்பார்களோ என்று நிமிடத்துக்கொரு முறை எழுந்து போவீர்கள்.

தகரக் கூரையில் மழை கொட்டும்போது லேப்டாப் மைக்கை நம்ப முடியாது. வாயருகே மைக் வரும் ஒயர் ஹெட்செட் போதும், விலை உயர்ந்தது தேவையில்லை. குரங்கு வரும் ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்துவிட்டால் பாதி கூச்சலும் ஓட்டமும் குறையும்.

ஏப்ரல், மே சீசனில் தங்க வரும் உறவினர்தான் கஷ்டம். "வேலை இருக்கிறது" என்றால், வீட்டில்தானே இருக்கிறாய் என்பார்கள். "பதினொன்றரைக்கு வெளியே வருகிறேன் சித்தி, சேர்ந்து டீ குடிக்கலாம்" என்று நேரத்தைச் சொல்லுங்கள், சொன்னபடி வாருங்கள். இரண்டு நாளில் அவர்களே கதவைத் தட்டுவதை விட்டுவிடுவார்கள். எழுந்து போகும் முன், அடுத்து செய்ய வேண்டிய வேலையை ஒரு வரியில் தாளில் எழுதி லேப்டாப் மேல் வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் அங்கிருந்தே தொடரலாம்.