விறகு அடுப்புப் புகைக்கூண்டுக்குள் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) குழாய் இறக்குவது எப்படி?

பேக்கரியின் செங்கல் புகைக்கூண்டு விரிசல் விட்டால் வெளியே சிமெண்ட் பூசிப் பயனில்லை. புகை உள்ளே குளிர்ந்து தாராக வடிந்து காரையை அரித்துக்கொண்டேதான் இருக்கும். செராமிக் பிளாங்கெட் (சூடு தாங்கும் இழைப் போர்வை) சுற்றிய எஸ்.எஸ். நெளிகுழாயை உள்ளே இறக்கிவிட்டால் புகை சூடு குறையாமல் மேலே போகும், தார் குறையும்.

மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று கடலை ஒட்டிய ஊர்களில் குழாய் 316 என்ற எஸ்.எஸ். தரமாகத்தான் இருக்க வேண்டும். 304 தரம் விலை குறைவுதான். ஆனால் உப்புக்காற்றில் புள்ளிபுள்ளியாக அரித்து ஓட்டை விழும். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) வேண்டவே வேண்டாம். கிளாம்ப், ஸ்குரூ, மேல்மூடி எல்லாமே 316தான்.

அடுப்பின் புகைவாய் 6 இஞ்ச் என்றால் குழாயும் 6 இஞ்ச். அதைவிடச் சிறிதானால் புகை கடைக்குள் திரும்பும். பிளாங்கெட் 13 மி.மீ. கனம், கன மீட்டருக்கு 128 கிலோ அடர்த்தி. சுற்றிய பிறகு சுற்றளவு சுமார் 560 மி.மீ. வரும், 610 மி.மீ. அகல ரோல் 5 செ.மீ. மேல்படிய மூடிக்கொள்ளும். கூண்டை ஒட்டி மர உத்தரம் ஓடினால் 25 மி.மீ. பிளாங்கெட் போடுங்கள். அப்போது சுற்றளவு 635 ஆகிவிடும், அந்த ரோல் பற்றாது. விடுபடும் இடத்துக்குத் தனியாக ஒரு கீற்று வெட்டிச் சேர்க்க வேண்டும்.

முதலில் கரியை முழுக்கச் சுரண்டி எடுங்கள். ஃபோனில் டார்ச் போட்டு, வீடியோ ஓடவிட்டு, கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினால் துருத்திக்கொண்டிருக்கும் காரையெல்லாம் தெரியும். அதை உளியால் தட்டிவிட்டு, 8 இஞ்ச் பிளைவுட் வட்டு ஒன்றைக் கயிற்றில் இறக்கிப் பாருங்கள். அது தடையின்றி அடிவரை போனால் 13 மி.மீ. பிளாங்கெட் சுற்றிய குழாயும் போகும். 25 மி.மீ. என்றால் வட்டு இன்னும் பெரிதாக இருக்க வேண்டும்.

பிளாங்கெட்டை வெட்டும்போது கையுறை, முழுக்கைச் சட்டை, என்95 மாஸ்க் கட்டாயம். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. சுற்றி, ஃபாயில் டேப் ஒட்டி, அதன் மேல் எஸ்.எஸ். வலையைப் போட்டுக் கம்பியால் கட்டுங்கள். வலை இல்லாமல் இறக்கினால் பிளாங்கெட் பாதிவழியில் கிழிந்து தொங்கும், வெளியிலிருந்து தெரியாது.

காற்று அடங்கிய காலை நேரத்தில் இறக்குங்கள். ஒருவர் மேலிருந்து விட, ஒருவர் கீழிருந்து குழாயின் அடிமுனையில் கட்டிய கயிற்றை இழுக்க வேண்டும். சிக்கினால் முரட்டுத்தனமாக இழுக்காமல், ஒரு முழம் மேலே தூக்கி லேசாகத் திருப்பி விடுங்கள். குழாயில் போட்டிருக்கும் அம்புக்குறித் திசை மாறக்கூடாது.

கீழே 'T' வடிவ இணைப்பை மாட்டி, சுற்றியுள்ள இடைவெளியை மீதிப் பிளாங்கெட்டால் அடையுங்கள். மேலே கூண்டின் வாயை மூடும் தகட்டைச் சூடு தாங்கும் சிலிக்கானில் ஒட்டி, கிளாம்ப் போட்டுக் குழாயை அதில் தொங்கவிடுங்கள். கீழ்முனையைச் சிமெண்ட் வைத்து இறுக்கக் கூடாது: 6 மீட்டர் குழாய் 200 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 2 செ.மீ. நீளும். நீள இடமில்லையென்றால் இணைப்பு பிய்ந்துவிடும்.

குழாயின் வாய் கூரைக்கு 3 அடி மேலேயும், 10 அடிக்குள் இருக்கும் எதையும்விட 2 அடி உயரத்திலும் இருக்கட்டும். இல்லாவிட்டால் வாடைக்காற்று புகையை உள்ளே தள்ளும்.

காய்ந்த சீமைக்கருவேல விறகே போதும். கரையொதுங்கிய கட்டையையும் பழைய வள்ளப் பலகையையும் எரிக்காதீர்கள். அதிலுள்ள உப்பு 316ஐயும் அரிக்கும். ஐப்பசி மழைக்கு முன் குழாயைப் பாருங்கள். கரி 3 மி.மீ. படிந்திருந்தால் பிரஷ் போட்டுவிடுங்கள்.