மழை லீவில் பாடம்: லைவ் கிளாஸை விட ஐந்து நிமிட ஆடியோ மேல்

செல்லூர்ப் பக்கம் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். 2024 அக்டோபர் கடைசியில் பந்தல்குடி வாய்க்கால் பெருகி எங்கள் தெருக்கள் பட்ட பாட்டை மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இப்படிப்பட்ட நாளில் கலெக்டர் லீவு விட்டதும் சில ஆசிரியர்கள் கையோடு கூகுள் மீட் லிங்க் அனுப்பிவிடுகிறார்கள். ஆர்வம் சரி. ஆனால் கரண்ட் போயிருக்கும், டவர் விட்டு விட்டு வரும், வீட்டில் இருக்கும் ஒரே போன் அப்பாவோடு வேலைக்குப் போயிருக்கும். உள்ளே வருகிற நாலு பேரும் "மிஸ், கேக்கலை" என்பார்கள். மழை நாளுக்கு லைவ் கிளாஸ் லாயக்கில்லை என்பது என் கட்சி.

வேலையை மழைக்கு முன்பே ஆரம்பியுங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் அடுத்து வரும் இரண்டு பாடங்களுக்கான வீடியோக்களை வீட்டுப் போனில் இறக்கி வைக்கச் சொல்லிவிடுங்கள். நம் பாடநூலில் க்யூஆர் கோடு இருக்கிறதே, அதை தீக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் பாடம் வரும். அட்டை கிழிந்து, பக்கம் நைந்து ஸ்கேன் ஆகாவிட்டால் கட்டத்துக்குக் கீழே உள்ள எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீட்டைத் தட்டச்சு செய்தாலும் போதும். இது பல பெற்றோருக்குத் தெரியாது. சில இணைப்புகள் திறக்காது, நீங்கள் முதலில் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபிலும் உண்டு. 360பி தரத்தில் இறக்கினால் டேட்டா தாங்கும், கரும்பலகை எழுத்தும் படிக்க வரும்.

லீவு அன்று அனுப்ப வேண்டியது ஒரு போட்டோ, ஒரு ஆடியோ. அவ்வளவுதான். வெள்ளைத் தாளில் ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதி, ஜன்னல் வெளிச்சத்தில் பிளாஷ் இல்லாமல் படம் எடுங்கள். ஆடியோவில் பேச்சைக் குறைத்து, பிள்ளைக்கு வேலை கொடுங்கள். பிதாகரஸ் தேற்றத்துக்கு நான் அனுப்பியது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"நோட்டை எடுங்க. செங்கோணம் போடுங்க. ஒரு பக்கம் 3 செ.மீ., இன்னொன்னு 4. மூணாவது பக்கத்தை ஸ்கேல் வச்சு அளங்க. ஆடியோவை நிறுத்திட்டு அளங்க, நான் எங்கயும் போகலை. 5 வந்துச்சா? இப்ப மூணு பக்கத்துக்கும் வர்க்கம் போட்டுப் பாருங்க."

9, 16, 25 என்று எழுதியதும் பாதிப் பேருக்கு அங்கேயே பிடிபட்டுவிடும். மீதியை வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம். இப்படி ஒரு ஆடியோ ஓரிரு எம்.பி.க்கு மேல் போகாது. சிக்னல் வரும்போது தானாக இறங்கிக்கொள்ளும்.

காலையில் அனுப்பினாலும் பதிலை இரவு ஏழு மணிக்கு மேல் எதிர்பாருங்கள், போன் அப்போதுதான் வீடு திரும்பும். நோட்டில் ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும் என்று சொல்லுங்கள். அப்புறம், முதல் நாள் வானம் கறுத்தால் சார்ஜ் ஏற்றச் சொல்லி குரூப்பில் ஒரு வரி போட்டுவிடுங்கள். இடி இடிக்கும்போது சார்ஜரில் சொருகியபடி போனைப் பார்க்க வேண்டாம். வீட்டுக்குள் தண்ணீர் வந்திருந்தால் பிள்ளைகள் ஸ்விட்ச் பக்கமே போகக் கூடாது, அன்றைக்குப் பாடமும் வேண்டாம்.

போனே இல்லாத பிள்ளைகள் எப்படியும் இருப்பார்கள். ஒரே தெருப் பிள்ளைகளை முன்கூட்டியே ஜோடி சேர்த்து, பெயர்களைப் பட்டியல் போட்டு வகுப்புச் சுவரில் ஒட்டிவிடுங்கள். மழை விட்ட பிறகு போன் உள்ள பிள்ளை நோட்டைக் காட்டட்டும், முழங்கால் தண்ணீரில் யாரும் நடந்து போக வேண்டாம். மழை லீவுக்கு ஈடாகச் சனிக்கிழமை பள்ளி வைப்பார்கள் அல்லவா, அன்று முதல் பீரியடில் அந்தப் பட்டியலை எடுத்துப் போன் இல்லாதவர்களைத்தான் முதலில் பலகைக்கு அழைக்கிறேன்.